கணினிக்குத் தெரியாத கார்மேகம்

சுதந்திர மனிதனை எந்த அரசாலும் அழித்துவிட முடியாது. இலவச இயங்குதளமான லினக்ஸின் பயனர் சங்கத்துக்கு நிரந்தரத் தலைவரான கார்மேகம் மேடைதோறும் முழங்கிய வாசகம் இது. ஆனால் உயிரோடிருப்பதற்குச் சான்றாக இன்று மதியத்துக்குள் மடிக்கணினியின் சென்சார் அவரைக் கண்டுகொள்ளாவிட்டால், அரசுப் பதிவில் அவர் இறந்தவர்.

காலையிலிருந்து கட்டளை மேல் கட்டளையாக அடித்துக்கொண்டிருந்தார். விசிறி சுற்றுகிறது, பேட்டரி சுடுகிறது என்றெல்லாம் கணினி சொன்னது. எதிரில் மட்டும் ஆளில்லையாம். டிரைவரை மாற்றினார், கெர்னலை மாற்றினார், கடைசியில் சட்டையையும் மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“எதிர்வீட்டு அண்ணன் காசு குடுத்து வாங்கின சிஸ்டம்தான வச்சிருக்காரு. செத்த நேரம் அங்க போய் உக்காந்துட்டு வாங்களேன்” என்றாள் மனைவி பூங்கோதை.

“அவன் மிஷின் முன்னால உக்கார்றதுக்கு நான் செத்தே போயிருவேன்.”

“அதுக்குத்தாங்க நேரம் நெருங்குது.”

மதியம் திரையில் ஆழ்ந்த இரங்கல் வந்தது. ஆட்சேபம் இருந்தால் இறந்தவரே நேரில் தெரிவிக்கலாம் என்றும், அதற்கு அவர் உயிரோடிருக்க வேண்டும் என்றும் கீழே போட்டிருந்தது.

பூங்கோதை முந்தானையால் கணினியைத் துடைத்தாள். திரைக்கு மேலே ஒட்டியிருந்த, லினக்ஸின் சின்னமான பென்குவின் ஸ்டிக்கர் உரிந்து கையோடு வந்தது. அடியிலிருந்து சென்சாரின் சின்னக் கண் விழித்தது. இறந்தவரின் கணினி முன் அந்நியர் ஒருவர் அமர்ந்திருப்பதாகக் காவல்துறைக்குத் தகவல் போனது.

“யாருங்க இதைப் போய் இங்க ஒட்டினது?”

கார்மேகம் ஸ்டிக்கரை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சங்கத்தின் ஆண்டுவிழாவில் அவர்தான் ஒட்டினார். நேராக இருக்கிறதா என்று இரண்டு பேரைப் பார்க்கவும் சொல்லியிருந்தார்.