முடியும் தேதி

"இன்னொரு நாள் மட்டம் போட்டா வேலை போயிடும்னு சொன்னேன்ல?" என்றார் மேனேஜர், எதிரில் நின்ற சாம்சனிடம். "ஏஞ்சல், திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் போட்டுப் பாரும்மா."

கும்மிடிப்பூண்டி இரும்பு உருக்கும் கம்பெனியின் டைம் ஆபீசில், ஏஞ்சல் இரண்டு தேதிகளையும் கம்ப்யூட்டரில் தட்டினாள். வெள்ளிவரை சாம்சனின் வருகை இருந்தது. சனிக்கிழமை இல்லை.

"வந்தேன் சார்! மெஷின்ல வெரலு வெச்சிட்டுத்தான் உள்ள பூந்தேன். ஏஞ்சலு, நீயாவது சொல்லும்மா."

அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இதுல இல்லண்ணா."

"நாளைலேர்ந்து வராத," என்று மேனேஜர் எழுந்து போனார்.

சாம்சன் ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தான். "உம்மேல கோவம் இல்ல தங்கச்சி. கம்ப்யூட்டரு இன்னா காட்டுதோ அத்தத்தானே நீ சொல்ல முடியும்?"

அவன் கேட்டைத் தாண்டும்வரை காத்திருந்தாள். பிறகு முடியும் தேதியை ஞாயிறாக மாற்றினாள். சனிக்கிழமை வருகை வந்து நின்றது. முடியும் தேதியாக எதைக் கொடுத்தாலும் அந்த நாளை மட்டும் கம்ப்யூட்டர் விட்டுவிடும். அது அவளுக்கு ஆறு மாதமாகத் தெரியும். மேனேஜருக்குத் தெரியாது.

எத்தூர் கிராமத்தில் வேலையில்லாமல் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டாள். "அந்தோணி, நாளைக்கு வந்துடு. இங்க ஒரு எடம் காலி."

"சூப்பர்க்கா! எப்டி காலியாச்சு?"

மேசைமேலிருந்த ஹெல்மெட்டைத் தள்ளி வைத்தாள். "ஒருத்தரு... அவரே நின்னுட்டாருடா."