வாய் நிறையப் பஞ்சு

பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்துவிட்டால் நமக்கென்று மிஞ்சுவது இரண்டு காதுகள்தான். என் பாதி முகம் மரத்திருந்தது. வாய் நிறையப் பஞ்சு.

"ரெண்டு பல் மருத்துவக் காலேஜ்லயும் இடம் கிடைச்சிருக்கு" என்றார் டாக்டர், பல் பிடுங்கும் இடுக்கியை எடுத்தபடி.

"எதுல சார் சேர்க்கப் போறீங்க?" நர்ஸ் கேட்டாள்.

"தூரத்துல இருக்கறது நல்ல காலேஜ்தான். ஆனா ஹாஸ்டல். பக்கத்துல இருக்கறதுன்னா என் கண் முன்னாடியே இருக்கும். சேர இன்னைக்குத்தான் கடைசி நாள்."

நான் "ஆ... ஆ..." என்றேன்.

"வலிக்குதா?" இன்னொரு ஊசி போட்டார். நாக்கும் மரத்தது.

நான் தலையை ஆட்டினேன்.

"தலையைக் கொஞ்சம் பிடிச்சுக்கோம்மா" என்றார் நர்ஸிடம்.

கடைவாய்ப் பல் தட்டில் விழுந்தது. புதுப் பஞ்சை வைத்து என் தாடையை அழுத்தி மூடினார்.

"ஒரு மணி நேரம் கடிச்சுக்கிட்டே இருக்கணும். பேசவே கூடாது."

கையுறையைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டரில் ஒரு தட்டு தட்டினார். "பக்கத்துக் காலேஜ்லயே சேர்த்தாச்சு."

"பொண்ணுக்கு இந்தப் படிப்புல இஷ்டந்தானா சார்?"

"எல்லாத்தையும் அவ எதிர்லதானே பேசினேன். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னாளா?" என்றபடி என் மரத்த கன்னத்தைச் செல்லமாகத் தட்டினார் அப்பா.