கூடுதலாய் ஒரு குழை

இளையதம்பி ஓட்டம் முடிகிற கயிற்றைத் தொட்டதும் சனம் கைதட்டிச் சிரித்தது. ட்ராக்டர் ஓட்டுகிற இளையதம்பி, வருடப்பிறப்பு ஓட்டத்தில் எப்போதும் கடைசிக்கு முதல் ஆள்.

கடைசி ஆள் யோகலிங்கம் மாஸ்டர்.

அவர் வரவில்லை.

கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்ற அன்னபாக்கியம், இளையதம்பிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். காடு தொடங்குகிற காட்டுவாய் வரைக்கும் வெறும் செம்மண் றோட்டுத்தான் கிடந்தது.

மாஸ்டர் அவளுடைய மனிசன். அவர் நெடுங்கேணிக்கு வாத்தியாராக வந்த வருடமே தொடங்கிய பைத்தியம் இது. தலை நரைத்தும் விடவில்லை. இன்றைக்கு ஓடிய பெடியன்களின் தகப்பன்மாரும் அவருடைய விசிலுக்கு ஓடியவர்கள்தான். கலியாணத்து நாலாம் சடங்கன்று விடியவே மாப்பிள்ளை குளக்கட்டில் ஓடிக்கொண்டு நின்றதை ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கும்.

இத்தனை வருடமும் கடைசியாக வந்தவர் அவர்தான். கடைசி என்று ஒரு பிள்ளையும் அழக்கூடாதாம். அதற்காக எல்லாருக்கும் பின்னால் ஓடி வருவார்.

போன கிழமை ஒரு தனியன் யானை இறங்கி, கிழக்குப் பக்கத்தில் ஒரு குடிசையைப் பிரித்துப் போட்டிருந்தது. ஓட்டத்தை நிறுத்தச் சொல்லி அன்னபாக்கியம் கெஞ்சினாள். பிறகு ஏசினாள். பிறகு அவரோடு கதைப்பதையே நிறுத்திவிட்டாள். சோற்றுக்கோப்பையை டக்கென்று முன்னால் வைப்பதோடு சரி. இன்றைக்கும் இருட்டோடு எழும்பி, ஒரு சொல்லும் சொல்லாமல் விறகுக்குப் போனாள். விறகெல்லாம் ஈரம் என்று வெறுங்கையோடு திரும்பினாள். அவரும் கேட்கவில்லை. விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

காட்டுக்குள் மரக்கொப்பு ஒன்று படாரென்று முறிந்தது.

சிரிப்பு நின்றது. தாய்மார் பிள்ளைகளைத் தூக்கி இடுப்பில் வைத்தார்கள்.

கயிற்றின் மற்ற முனையைப் பிடித்திருந்த கடைக்காரப் பக்கீர் நானா, "மாஸ்டர் எங்கையடா?" என்று அதட்டினார்.

இளையதம்பிக்கு மூச்சு வாங்கியது. "குழை ஒண்டு கூட இருக்காம், நானா. ஒருத்தன் உள்ளுக்கை நிக்கிறான் எண்டு திரும்பிப் போயிட்டார்."

காட்டுக்குள் கால் வைக்கிறவன், காட்டுவாய்ப் பிள்ளையாருக்கு இலையோடு ஒரு சின்னக் கொப்பு, ஒரு குழை, முறித்து வைத்துவிட்டுத்தான் போவான். அது ஊர் வழக்கம். மாஸ்டர் அதையே ஓட்டத்துக்கும் கணக்காக்கி வைத்திருந்தார். வயலும் குளக்கட்டும் சுற்றி ஓடி, பிள்ளையாரடியில் ஆளுக்கொரு குழை வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். முதல்நாள் பின்னேரமே பழைய குழைகளைக் கூட்டி அள்ளிவிடுவார். பேர் பதிகிற வேலையெல்லாம் இல்லை. கால் உள்ளவன் ஓடலாம், வயலில் நிற்கிறவன் இடையில் பாய்ந்தும் சேரலாம். திரும்பிய ஆட்களும் குழையும் சரியென்றால்தான் அவர் அந்த இடத்தை விட்டு அசைவார்.

"ஆரின்ரை பிள்ளையைக் காணேல்லை? பாருங்கோ, கெதியாப் பாருங்கோ!" பக்கீர் நானா கத்தினார்.

தாய்மார் தேடினார்கள். தங்கள் பிள்ளைகளின் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். எல்லாரும் நின்றார்கள். எந்த வீட்டிலும் ஒருவர் குறையவில்லை.

காட்டுக்குள்ளிருந்து விசில் கேட்டது. இல்லாத ஒருவனைக் கூப்பிடுகிற விசில். அடுத்தது இன்னும் உள்ளே கேட்டது. அதற்கடுத்தது இன்னும் தூரத்தில். கடவுளே, நான் இங்கேதான் நிற்கிறேன் என்று தனியனுக்கும் அல்லவா சொல்லிக்கொண்டு போகிறார் இந்த மனிசன்!



அந்தக் குழையை அன்னபாக்கியத்துக்குத் தெரியும். பாலை மரத்துக் குழை. இருட்டில் தடவி முறித்து, அந்தாள் சுகமாய்த் திரும்பி வரவேண்டும் என்று கும்பிட்டு, இன்று விடியற்காலை அதை அங்கே வைத்தவள் அவள்தான்.

கயிற்றைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"தங்கச்சி, நில்லுங்கோ!" என்று பக்கீர் நானா பின்னால் கத்தியது காதில் விழவில்லை. சேலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பில்லாமல், கல்லும் முள்ளும் பாராமல் ஓடினாள். ஓட்டம் என்ற சொல்லையே வீட்டில் எடுக்கவிடாதவள் ஓடினாள். பிள்ளையாரடி வந்ததும் நெஞ்சு வெடிக்கக் கத்தினாள்.

"இஞ்சருங்கோ! அது என்ரை குழை! உள்ளுக்கை ஒருத்தரும் இல்லை! வாங்கோ!"

விசில் நின்றது.

அவள் மறுபடி கத்த வாயைத் திறந்தபோது பற்றைகள் சரசரத்தன. மாஸ்டர் றோட்டில் வந்து விழாத குறையாய்ப் பாய்ந்தார். அவருக்குப் பின்னால் இன்னொரு பெரிய சரசரப்பு வந்துகொண்டிருந்தது.

"திரும்பும்! ஓடும்!" என்று கத்தினார்.

அவள் திரும்பி ஓடினாள். பின்னால் பார்க்கத் துணிவில்லை. கொப்புகள் முறிகிற சத்தமும் அவருடைய காலடியும் மட்டும் கேட்டன. தூரத்தில் பக்கீர் நானாவும் இளையதம்பியும் என்ன நினைப்பிலோ கயிற்றை மறுபடி இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அவர் நினைத்தால் ஒரு மூச்சில் அவளைத் தாண்டிப் போய்விடலாம். நரைத்தாலும் கால் அந்தக் கால்தான். காலடியோ அவளுக்குப் பின்னாலேயே கேட்டுக்கொண்டிருந்தது.

"முன்னுக்குப் போங்கோ!" அவள் அழுதுகொண்டே கத்தினாள். "உங்களைக் கும்பிட்டன், என்னை விட்டிட்டு முன்னுக்குப் போங்கோ!"

"கையைப் பொத்தாதையும், பாக்கியம்," என்றார் பின்னாலிருந்து, பெடியன்களுக்கு ஓட்டம் பழக்குகிற அதே குரலில். "விரிச்சுக்கொண்டு ஓடும்."