கடைசிப் போல்ட்டு

ஜீப்புக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தான் கன்னையன். உள்ளங்கை இரண்டும் கொப்புளம் கட்டிச் சிவந்திருந்தன. கையை உதறிக்கொண்டே, "என்னால ஆகலைண்ணே" என்றான்.

தவசிக்கு வயிறு குளிர்ந்தது. ஆனாலும் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. "மதுரைக் கையாச்சே மாப்ளே, எப்படி ஆகாமப் போகும்?" என்றான்.

போடியில் ராஜாராமின் பட்டறையில் தவசிக்குப் பதினோரு வருஷம். பழைய மேஸ்திரி கம்பத்தில் சொந்தப் பட்டறை போட்டுப் போனதும், அந்த இடம் தனக்குத்தான் என்று இருந்தான். அந்த நேரம் பார்த்து மதுரையிலிருந்து வந்து சேர்ந்தான் கன்னையன். முருங்கைக் குச்சி மாதிரி கை. ஒரு சக்கரத்தைத் தூக்கவே மூச்சு வாங்கும். ஆனால் மூன்றே மாதத்தில் தோட்டத்து ஆட்கள், "அந்த மதுரைக்காரரக் கூப்பிடுங்க" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் தவசிக்கு நெஞ்சுக்குள் மிளகாய் அரைத்தது. கன்னையன் ஸ்பானர் கேட்டால் காது கேளாதவன் போலத் திரும்பிக்கொள்வான். வீட்டிலும் நிம்மதி இல்லை. "அவன் மேஸ்திரியானா, நீ அவனுக்குப் பீடி வாங்கியாரப் போவியாக்கும்" என்று சோறு போடும்போதே கேட்டாள் பெண்டாட்டி கருத்தம்மாள்.

குரங்கணிக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்து ஜீப் அது. பெட்ரோல் இஞ்சினை இறக்கிவிட்டு டீசல் இஞ்சின் ஏற்ற வேண்டும். மலையில் பன்னிரண்டு வருஷம் மழையில் நனைந்ததில், இஞ்சினையும் கியர்பெட்டியையும் சேர்த்துப் பிடித்திருந்த போல்ட்டுகள் துருவேறி இரும்போடு இரும்பாக ஒட்டிக் கிடந்தன. நேற்று தவசிதான் முதலில் இறங்கினான். கழற்றும் பக்கம் பலங்கொண்ட மட்டும் இழுத்து, இரண்டு போல்ட்டின் தலையை முறித்துவிட்டான்.

ராஜாராம் தலையில் அடித்துக்கொண்டார். "மாட்டுப் பலம் இருந்தாப் போதுமாடா? நீ தள்ளு. கன்னையன் கழட்டட்டும். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள மிச்சத்த உடைக்காம இஞ்சின இறக்கிட்டான்னா, இனிமே அவன்தான் இங்க மேஸ்திரி."

கன்னையன் மண்ணெண்ணெய் விட்டு ஊறப்போட்டு, சுத்தியலால் தட்டித் தட்டி ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டான். மிஞ்சியது ஒன்றே ஒன்று. அது மட்டும் இன்று காலையிலிருந்து மசியவே இல்லை.

"மொதலாளி எஸ்டேட்காரரக் கூட்டிட்டு வர்ற நேரமாச்சு. ஒரு டீயக் குடிச்சிட்டு வந்து கடைசியா ஒரு இழுப்பு இழுத்துப் பாக்குறேன்" என்று கன்னையன் எழுந்தான். ஸ்பானர் போல்ட்டிலேயே மாட்டியிருந்தது. "அண்ணே, யாரையும் அது பக்கத்துல விட்டுராதீங்க. இருக்குற இறுக்கத்துக்கு இன்னும் ஒரு நூல் இறுகிருச்சுன்னா அவ்வளவுதான். நான் மதுரைக்கு பஸ்சு ஏறிற வேண்டியதுதான்."

"நான் பாத்துக்கிறேன். நீ போயிட்டு மெதுவா வா மாப்ளே."

கன்னையனின் செருப்புச் சத்தம் ரோட்டைத் தாண்டியது. தவசி சுற்றுமுற்றும் பார்த்தான். நாலடி பைப் ஒன்றை எடுத்துக்கொண்டு ஜீப்புக்கு அடியில் நுழைந்தான். பைப்பை ஸ்பானரின் வாலில் சொருகி, சக்கரத்தில் காலை உதைத்துக்கொண்டு, இறுக்கும் பக்கமாகப் பல்லைக் கடித்து இழுத்தான். பதினோரு வருஷம் காத்திருந்தவனின் எரிச்சல் முழுக்க அந்த ஒரு இழுப்பில் இருந்தது.

'டக்'கென்று ஒரு சத்தம்.

தவசி மல்லாந்து கிடந்தபடியே சிரித்தான். உள்ளே விரிசல் விட்டுவிட்டது. இனி அவன் கழற்றப் போனால் தலை மட்டும் தனியாகக் கையோடு வரும். பைப்பை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்து பீடி பற்றவைத்தான்.

கன்னையன் திரும்பி வந்தபோது ராஜாராமும் எஸ்டேட்காரரும் கூடவே வந்துவிட்டார்கள். போல்ட்டு முறிகிற சத்தத்தைப் பக்கத்தில் நின்று கேட்பதற்காகத் தவசி பாதிப் பீடியை அணைத்துக் காதில் சொருகிக்கொண்டு கிட்டே போய் நின்றான்.

கன்னையன் ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்தான். ஒரு கையால்தான் இழுத்தான். போல்ட்டு நேற்று மாட்டியது போலச் சுற்றிச் சுற்றி முழுசாக வெளியே வந்தது. செயின் பிளாக்கை இழுத்ததும் இஞ்சின் அலுங்காமல் மேலே எழும்பியது.

"காலையிலருந்து அசையாதது இப்ப எப்படிய்யா வந்துச்சு?" என்றார் எஸ்டேட்காரர்.

"துருப்பிடிச்சதக் கழட்டுற பக்கமே போட்டு இழுத்தா முறிஞ்சுதாங்க போகும். மொதல்ல ஒரு நூல் நல்லா இறுக்கணும். 'டக்'குன்னு துரு விட்டுரும். அதுக்கப்புறம் ஒத்தக் கை போதும்."

ராஜாராம் அவனுடைய குச்சிக் கையை ஏற இறங்கப் பார்த்தார். "இத வச்சுக்கிட்டா அத இறுக்குன? இனிமே நீதாண்டா மேஸ்திரி!" என்று முதுகில் தட்டிவிட்டு, எஸ்டேட்காரரோடு வெளியே நடந்தார்.

தவசி வைத்த கண் வாங்காமல் போல்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். கன்னையன் அதைத் துணியால் துடைத்து அவன் கையில் வைத்தான். யாருக்கும் கேட்காமல் மெதுவாகச் சொன்னான்:

"கேட்டிருந்தா இறுக்கிக் குடுத்திருப்பீங்களாண்ணே?"