எந்த ஊர்த் தண்ணீர்

முறுக்குக்குப் பேச வராது என்று படித்தவர்களே நம்புகிறார்கள். இது பெரும்பிழை. நமத்துப்போகாத வரை முறுக்கு பேசும். மொறுமொறுப்பு இருக்கும்போதே ஒரு வாய்க்குள் போய்விட வேண்டும் என்பது அதன் ஒரே ஆசை.

ஒரு மழைநாளில், விருந்தாளிக்காக ஒரே தட்டில் மணப்பாறை முறுக்கையும் சாத்தூர் காராச்சேவையும் வைத்து, நடுவில் கிண்ணம் நிறைய சீஸ் டிப் வைத்திருந்தார்கள். ஜன்னல் திறந்திருந்தது.

“வாங்கண்ணே, சாரல் அடிக்குது. என்னைத் தொட்டுக்கிட்டு சட்டுனு உள்ளே போயிடுங்க,” என்றது டிப்.

“இரு. நீ எந்த ஊர்த் தண்ணி? என் ருசியே மணப்பாறைத் தண்ணிதான்,” என்றது முறுக்கு.

டிப், பக்கத்தில் கிடந்த தன் காலி டப்பாவின் லேபிளைப் படித்துப் பார்த்தது. “தண்ணீர்னு மட்டும் போட்டிருக்குண்ணே. ஊர் போடலை.”

“ஊர் பேர் தெரியாதவனையெல்லாம் நான் தொடுறதில்லை.”

விருந்தாளியின் கை நீண்டது. முறுக்கு நழுவிக்கொண்டது.

“ரொம்பத்தான் அலட்டாதே,” என்றது காராச்சேவு. “உன்னைப் பிசைஞ்சது தாம்பரத்துல, லாரித் தண்ணியில. என்னைப் பாரு, அசல் சாத்தூர்த் தண்ணி!”

“தண்ணி லாரியில வந்தா என்னடா? பிசைஞ்ச கை மணப்பாறைக் கை!”

“அண்ணே, சாரல்…” என்றது டிப். இருவரும் கேட்கவில்லை. வாக்குவாதம் அரைமணி நேரம் நடந்தது.

கடைசியில் விருந்தாளி முறுக்கைப் பிடித்தேவிட்டார். “மணப்…” என்று அது ஆரம்பித்தது. அவர் ஒடித்தார். அது வளைந்தது.

காராச்சேவும் நமத்துப்போயிருந்தது.

விருந்தாளி டிப்பை விரலால் வழித்துச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.