விருந்தாளி வந்தால்

தனியாக வசிக்கும் தாரணியின் வீட்டை நடத்துவது அவளே எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட் என்னும் கணினிக் கட்டளைத் தொகுப்பு. வாரம் ஒருமுறை ஒரு செயலி அதை ஓட்டிப் பார்க்காமலேயே படித்து எச்சரிக்கைகளைச் சொல்லும். பெரும்பாலும் விடுபட்ட மேற்கோள்குறிகள்தான், உடனே திருத்திவிடுவாள்.

இந்த வாரம் அது சொன்னது வேறு. "விருந்தாளி வந்தா ரெண்டு காபி போடணும்னு ஒரு வரி இருக்குங்க. அது ஒருநாளும் ஓடாது. எடுத்துடலாங்களா?"

"ஓட்டிப் பாக்காம எப்படிச் சொல்றே?"

"வாசல் கேமரா பதிவையும் சேத்துத்தான் படிச்சேங்க."

தாரணிக்குச் சுருக்கென்றது. விருந்தாளி மாதிரி நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டி, முகக்கவசம் மாட்டிக்கொண்டு வெளியே போனாள். கதவைச் சாத்திவிட்டு அழைப்புமணியை அழுத்தினாள். ஓடுகிறதா இல்லையா, பார்த்துவிடலாம்.

உள்ளேயிருந்து அதே செயலியின் குரல் பணிவாகச் சொன்னது:

"மன்னிச்சுக்கங்க, வீட்ல யாரும் இல்லைங்க."