சான் டியேகோவுக்கு ஒரு மெழுகுதிரி

சான் டியேகோவுக்கு மெழுகுதிரி கொளுத்த டெல்சி குச்சியைக் கிழித்தபோதுதான் கதவு மணி அடித்தது.

என் சாப்பாட்டு மேசை முழுக்க அமெரிக்க வரைபடம். அதன் மேல் கிண்ணம் கிண்ணமாகத் திரிகள். வீட்டைக் கொளுத்தப் போகிறாய் என்று தங்கச்சி டெல்சியைப் பேசிப் பேசி எனக்கு வாய் உளைந்துவிட்டது.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. அவள் மகன் எமிலின் அகதி விண்ணப்பத்தைத் தொண்ணூற்றாறு தையில் ஜெர்மனி தள்ளிவிட்டது. லொஸ் ஏஞ்சலஸில் இருக்கும் எங்கள் அண்ணையிடம் சேர்ப்பதாகச் சொல்லி, ஏஜென்சிக்காரன் அவனை மெக்சிகோ வழியாகக் கூட்டிப் போனான். எல்லையைத் தாண்டப் போகிறோம் என்று போன் எடுத்தவன்தான். பிறகு ஒரு சத்தமும் இல்லை.

எமிலும் என் மகன் யூட்சனும் ஒரே வயது, ஒரே முகவெட்டு. கோயிலில் சுவாமியாரே மாறிக் கூப்பிடுவார்.

போன கிழமை பிலார் வந்து இந்த வரைபடத்தைப் பார்த்தாள். கொலோன் ஆஸ்பத்திரிக் குசினியில் எங்களோடு வேலை செய்யும் ஸ்பானியக்காரி. இந்தப் பெயர்களெல்லாம் எங்கள் ஆட்கள் வைத்தவை என்றாள். சான் டியேகோ ஒரு சந்நியாசியார். சாண்டா அனா நம் அன்னம்மாள். லொஸ் ஏஞ்சலஸ் என்றால் சம்மனசுகள், தேவதூதர்கள்.

டெல்சிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"வழி முழுக்கப் புனிதர்கள் நிக்கினம் அக்கா. என்ர பிள்ளைக்கு என்ன வரப்போகுது?"

அன்றிலிருந்து ஊருக்கு ஒரு திரி.

கதவைத் திறந்தேன். இரண்டு பொலிஸ்காரர், தொப்பியைக் கையில் பிடித்தபடி.

யூட்சனின் அம்மாவா என்று கேட்டார்கள். என் வீட்டில் என்னையே உட்காரச் சொன்னார்கள். உங்கள் மகன் இறந்துவிட்டார் என்றார் மூத்தவர். சான் டியேகோவுக்குப் பக்கத்துப் பாலைவனத்தில் கண்டெடுத்தார்களாம்.

ஐயோ கடவுளே! பிறகுதான் பொல்லாத கோபம் வந்தது. என் மகன் குளியலறையில் சவரம் செய்துகொண்டிருக்கிறான், தண்ணீர் விழும் சத்தம் இவர்களுக்குக் கேட்கவில்லையா?

டெல்சி சிரித்தேவிட்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் சிரித்தாள்.

"விசர்க் கதை! அவனைக் கூப்பிட்டுக் காட்டுங்கோ அக்கா!"

யூட்சன் துவாயோடு வந்து நின்றான். பாதிக் கன்னத்தில் நுரை.

மூத்தவருக்கும் பெரிய நிம்மதி. மன்னியுங்கள், எங்கோ பிழை நடந்திருக்கிறது என்றார். இறந்தவரிடம் இவர் பெயரில் ஒரு ஜெர்மன் பாஸ்போர்ட் இருந்ததாம். இவருடையதைக் காட்டினால் இப்போதே திருத்திவிடலாமாம்.

"ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாடா," என்றேன்.

அவன் அசையவில்லை.

டெல்சி இன்னும் சிரித்துக்கொண்டே புதுக் குச்சி ஒன்றைக் கிழித்து, சான் டியேகோவின் திரியைக் கொளுத்தினாள்.

யூட்சன் பொலிசைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. சித்தியையே பார்த்துக்கொண்டு நின்றான்.